தொந்தரவு செய்த பெண்

1
இந்தக் கதை ஒரு மின்னஞ்சலின் ஒற்றை வரியிலிருந்து பிறந்தது: 'ஐ ஆம் வெரி டிஸ்டர்பிங்.' எழுதியவள் ஜெரூஷா. பம்மலில் வீடு, தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்காவில் மெத்தை வாங்கியவர்களின் புகார்களுக்கு ஆன்லைன் சாட்டில் பதில் சொல்பவள். முதலில் இப்படித் தொடங்கினேன்:

மழை ஓய்ந்த தாம்பரத்தின் மேல் மாலை வெயில் மெல்ல

வேண்டாம். கதையில் மழை இல்லை.

2
டீம் லீட் ஜாய்சன், திரையைப் பார்க்கிற சாக்கில் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். தோளில் கை வைப்பான். ஒருநாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மறுபடியும் வைத்தான். அன்றைக்கே ஹெச்ஆருக்கு எழுதினாள்: ஜாய்சன் சார் பின்னால் நிற்கும்போது, ஐ ஆம் வெரி டிஸ்டர்பிங்.

(ஆங்கிலத்தில் இந்த மாதிரிப் பெயரடைக்கு வால்தான் முக்கியம். 'டிஸ்டர்பிங்' தொல்லை தருகிற ஆள். 'டிஸ்டர்ப்டு' தொல்லைப்பட்ட ஆள். தமிழுக்கு அந்தக் கவலை இல்லை. 'பார்த்த பெண்' என்றால் அவள் நம்மைப் பார்த்திருக்கலாம், நாம் அவளைப் பார்த்திருக்கலாம். கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலத்தையும் ஜெரூஷா அப்படியே நம்பிவிட்டாள்.)

3
ஷேர் ஆட்டோவில் ஜென்சி அந்த மெயிலைப் படித்தாள். ஜென்சிக்கு அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி.

"இன்னாடி இது? நீதான் அவனுக்குத் தொல்ல குடுக்கிற மாதிரி கீது."

"எனக்கு டிஸ்டர்பா கீதுன்னுதான எழுதினேன்?"

"போரடிச்சா 'ஐ ஆம் போரிங்'னு சொல்றவதான நீ. கஸ்டமருங்க பாவம்டி."

இருவரும் சிரித்தார்கள். ஜெரூஷா முதலில் நிறுத்தினாள். மெயில் போய்விட்டது. நாளைக்கு விசாரணை.

(ஜென்சியைச் சாட்சியாக உள்ளே அனுப்ப நினைத்தேன். அவளுக்கும் அதே டீம் லீட். அனுப்பவில்லை.)

4
ஹெச்ஆர் ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனிதர் என்று எழுதி, அடித்துவிட்டேன். 'நல்ல' எதையும் சொல்லாத பெயரடை. ஜாய்சனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"டிஸ்டர்பிங்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா. இதை வெச்சு நான் என்ன ஆக்‌ஷன் எடுக்கறது?"

"அதேதான் சார் நானும் சொல்றேன்," என்றான் ஜாய்சன். "ஃப்ளோர்ல இவங்கதான் பிரச்சன."

புகார் தள்ளுபடியானால் நாளையும் அதே நாற்காலி. பின்னால் அதே கை.

"சார், இங்கிலீஷ்ல தப்பு பண்ணது நான். கை வெச்சது அவரு. ரெண்டும் ஒண்ணா?"

ஸ்ரீநிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சரி, இப்பவே திருத்தி அனுப்புங்க. அதையே கம்ப்ளெயிண்ட்டா எடுத்துக்கறேன்."

5
அவள் வாலை மட்டும் மாற்றி அனுப்புவதாக ஒரு முடிவு எழுதினேன். இலக்கணம் பிழைத்தது, கதை செத்தது. அடையாள அட்டையை மேசையில் வீசிவிட்டு வெளியேறுவதாக இன்னொன்று. அது என் பழைய வேலையில் நான் செய்தது. அவளுக்கு இந்த வேலை வேண்டும்.

கடைசியில் ஜெரூஷாவே மடிக்கணினியில் தட்டினாள். ஜாய்சன் என் தோளைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன். மறுபடி தொட்டார். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். ஒன்றிலும் பெயரடை இல்லை. அதற்குக் கீழே அந்தப் பழைய வரி அப்படியே நின்றது.

"டிஸ்டர்பிங்கை மாத்தலையேம்மா?"

ஜெரூஷா ஜாய்சனைப் பார்த்தாள்.

"இருக்கட்டும் சார். இனிமே அதான் கரெக்ட்."

அனுப்பிவிட்டாள்.

தீர்ப்பை நான் எழுதப்போவதில்லை. தலைப்பை இன்னொரு தடவை படித்துவிட்டு, ஸ்ரீநிவாசராகவனை எழுந்திருக்கச் சொல்லி, அவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.