பதினேழாவது குழியின் மணல்

வியாழன் பின்னேரம் மொண்டெல்லோக் கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று இராசேஸ்வரி தன் முதலாளியின் பெண்சாதியைக் கரைத்தாள். அப்படித்தான் அவள் நினைத்தாள். கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்ததும் உள்ளேயிருந்தது மிதக்கவில்லை. நேரே அடிக்குப் போய்விட்டது. சாம்பல் இப்படித் தாழாதே என்று ஒரு கணம் யோசித்தாள். வெள்ளைக்காரரின் சாம்பல் கனமாயிருக்குமாக்கும் என்று மனதைத் தேற்றி, கொண்டுவந்த மூன்று பூக்களையும் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறினாள்.

வக்கீல் கல்தரோனே வீட்டில் சமையல், துடைப்பு எல்லாம் அவள்தான். அவரின் பெண்சாதி, சிஞ்ஞோரா, மிலானோவில் செத்த பிறகு வேலைக்கு வந்தவள். மண்டபச் சுவரெல்லாம் ஸ்கொட்லாந்துக் கடற்கரைக் கோல்ஃப் மைதானங்களின் படங்கள்; கிழவர் இளமையில் அங்கே ஆடினவர். விருந்தாளிகள் வந்தால் அவளைக் கூப்பிட்டு நிறுத்துவார். "சென் அன்ரூஸ், பதினேழு, ரோட் ஹோல். ட்ரூன், எட்டு, போஸ்டேஜ் ஸ்டாம்ப்" என்று படங்களிலுள்ள குழிகளின் இலக்கத்தையும் பெயரையும் அவள் ஒப்பிக்க, அவர்கள் கைதட்டுவார்கள். என்ன கண்றாவியோ, அவளும் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போவாள்.

சிஞ்ஞோராவின் படத்தடியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த போத்தலைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொன்னதில்லை. தொடாதே என்பதோடு சரி. சாப்பிட்டபின் மூடியைத் திறந்து விரலை உள்ளே வைத்துக் கண்கலங்குவார். கல்லறை என்று ஒன்றுக்கு அவர் போனதை அவள் கண்டதில்லை. அவளுக்கு வேறெப்படி விளங்கும்? அந்தியேட்டி செய்து கடலில் கரைக்காமல் அஸ்தியை வீட்டுக்குள் அடைத்துவைத்தால் ஆத்துமா எப்படி ஆறும்? மனுசன் எரிந்து விழுவதெல்லாம் அதனால்தான் என்று முடிவுகட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவர் ஆறுதலாக இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அவளோடு குவெஸ்தூராவுக்கு, வெளிநாட்டவரைப் பதிகிற பொலிஸ் கந்தோருக்கு, வந்து, இவள் என் வேலைக்காரி என்று கையெழுத்து வைக்கச் சம்மதித்திருந்தார். விண்ணப்பம் கொடுக்க அதுதான் கடைசி நாள். பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே தங்குகிற அனுமதி, கிடைத்தால், கொழும்பு லொட்ஜில் பொலிசுக்குப் பயந்து அடைந்துகிடக்கும் மகள் துசானியைக் கூப்பிடலாம்.

அன்றிரவு சாப்பிட்டபின் போத்தல் எங்கே என்று அவர் கத்தினபோது அவள் பெருமையாகவே சொன்னாள்.

"கரைச்சுப்போட்டன் சிஞ்ஞோர். இனி அவ நிம்மதியா இருப்பா."

"அது மணல்," என்றார் அவர்.

சென் அன்ரூஸில் பதினேழாவது குழியின் மணற்பள்ளத்தில், சிஞ்ஞோரா பார்த்து நிற்க, பந்தை வெளியே எடுக்க முடியாமல் அவர் அடித்து அடித்துத் தோற்ற நாளில் சப்பாத்துக்குள் வந்த மணல். போத்தல் இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வெள்ளி காலை அவள் சேலை கட்டி வாசலில் நின்றாள். அவரோ சிநேகிதர்களை அழைத்திருந்தார்.

"முதலில் இவர்களுக்குச் சொல். பிறகு போவோம்."

சொன்னாள். எப்படித் தாழ்ந்தது, கையால் காட்டு என்றார்கள். காட்டினாள். பூவும் போட்டாயா என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். இன்னொருவர் பிந்தி வந்தார், முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று.

"சிஞ்ஞோர், குவெஸ்தூராவைப் பூட்டப்போகினம்."

"என் மணலைக் கொண்டுவா, போவோம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் வைன் ஊற்றினார். பாவி, குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர்கள் சாப்பிட்டு எழும்ப முன்னமே குவெஸ்தூரா பூட்டியாயிற்று.

பின்னேரம் தெருமுனைப் போன் கூண்டிலிருந்து லொட்ஜுக்கு எடுத்தாள்.

"கையெழுத்து வைச்சிட்டாரே அம்மா?"

இராசேஸ்வரி வாயைத் திறந்தாள். அந்தக் கதைதான் வந்தது.

"இஞ்சை ஒரு பகிடி நடந்தது பிள்ளை."

எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. துசானி விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. லொட்ஜில் பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் அவள் சொல்ல, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"பிறகு என்னம்மா நடந்தது? சொல்லுங்கோவன்."

இராசேஸ்வரி கூண்டின் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சிரித்து முடியட்டும் என்று நின்றாள்.