சீமாட்டிக்கு வேலித் தழை

மாடு தழையை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தொழுவத்து வாசலில் நின்ற தீவனக் கடைக்காரர், அதாவது தழை வைத்தவளுடைய கணவனின் அண்ணன், வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏம்மா, வாயில்லாத ஜீவனுக்கே தெரியுது. உனக்குத் தெரியலையே!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்றிலிருந்து அவள் வளர்த்த மாடு. கடைத் தீவன மூட்டை இல்லாமல், வேலியில் நிற்கும் கிளைரிசிடியா மரத்துத் தழையை வைத்தே பால் குறையாமல் கறந்து காட்டுகிறேன் என்று இவரிடம் சவால் விட்டிருந்தாள். தோற்றால் மாடு அவருடைய கொட்டகைக்கு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவள்தான். ஆனாலும் அந்த வாயை மூடிக்கொள்ளும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

புரதம் என்ன சாக்குக்குள்தான் விளைகிறதா? தழையிலும் கொட்டிக் கிடக்கிறது. வாடைதான் தொல்லை. பச்சையாகப் போட்டால் பழகாத மாடு கிட்டே வராது. அதனால் அறுத்ததை நிழலில் பரப்பி, வாடவிட்டு, மறுநாள் வைக்கோலோடு பிடி பிடியாகக் கலந்தாள். சீமாட்டி (பெயர்ப் பொருத்தம் அப்படி!) முதலில் மறுபேச்சில்லாமல் தின்றது. பிறகுதான் இந்த வீம்பு.

"தழையையும் தொடல, பாலும் குறையல. காத்தைக் குடிச்சிட்டா கறக்குது?" என்று அவள் வாய்விட்டே கேட்டாள்.

சீமாட்டி கழுத்தை நீட்டி, பக்கத்தில் நின்ற அவள் கணவனின் கையை நக்கியது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க இது?"

"நீ பால் ஊத்தப் போற நேரத்துல பாவமா என்னையே பாத்துச்சு. கொஞ்சமாத்தான் போட்டேன்."

"எதை?"

"அண்ணன் கடைத் தீவனம்தான்."

பட்டினி கிடந்தால் மூட்டை வரும் என்று மாடு கண்டுகொண்டது. கெட்டிக்காரி. ஏமாந்த சோணகிரி இவன்.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "எப்படியோ, தழை திங்கல இல்ல? கயித்தை அவுத்து விடும்மா."

"அவுக்க மாட்டேன்."

"பேச்சு மாறுறியா?"

"நான் சவால் விட்டது உங்க மூட்டைக்கு, மாமா. நடுவுல பூந்த உங்க தம்பிக்கு இல்ல. கொட்டகையில கட்டணும்னா அவரைக் கூட்டிட்டுப் போங்க. என்ன போட்டாலும் திம்பாரு."

கணவன் உள்ளே போனான். ஒளித்து வைத்திருந்த அரை மூட்டையைத் தோளில் சுமந்து வந்து அண்ணனின் காலடியில் போட்டான்.

"எடுத்துட்டுப் போண்ணே. முதல்லேருந்து பாத்துக்கலாம். இந்தத் தடவை நான் கிட்டப் போக மாட்டேன்."

"நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாலைவரை சீமாட்டி கத்தித் தீர்த்தது. கணவன் இரண்டு தடவை எழுந்தான். "உக்காருங்க" என்று அதட்டினாள். அவன் இல்லாவிட்டால் அவளே தீவனம் வாங்க ஓடியிருப்பாள், அவ்வளவு பதறியது மனசு. பொழுது சாய்கிற நேரத்தில் மாடு ஒரு வாய்த் தழையை இழுத்து மென்றது. பிறகு இன்னொரு வாய். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அண்ணன் நாளைக்கு மறுபடியும் வருவாரு," என்றான் கணவன்.

"வரட்டும்," என்றாள் அவள்.