இண்டைக்குப் படகு ஓடுமோ?

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு வெளிக்கிட முதலே, வெப்சைற்றுக்கு விலை எழுதின கொட்டேசன் என் கையை விட்டுப் போய்விட்டது. பிழை என்னுடையதுதான். ஒரு தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியாது, மடியில் விரித்து வைத்திருந்தேன். நெடுந்தீவுப் படகில் ஒருவரின் தாள் பக்கத்தில் இருப்பவருக்கும் சொந்தம். கலியாணக் காட், கரண்ட் பில், ஆஸ்பத்திரித் துண்டு எல்லாமே அந்த ஒரு மணித்தியாலத்தில் ஒரு சுற்று வந்துதான் கரை இறங்கும்.

அண்ணை றொபின்சனிடமும் என்னிடமும் பதினொரு சைக்கிள்கள் இருக்கின்றன. தீவு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். மத்தியானம் அம்மாவின் சோறும் நண்டுக் குழம்பும். இரண்டு வருடமாகச் சேர்த்த காசு அறுபதாயிரம். அதில் இன்னும் இரண்டு சைக்கிள் வாங்க வேண்டும் என்பது அண்ணையின் கதை. எங்களுக்கென்று ஒரு வெப்சைற் வேண்டும், அதுவும் ஒழுங்கானதாய் வேண்டும் என்பது என்னுடைய கதை. ஒரு கிழமை சண்டை பிடித்துக் கடைசியில் அண்ணைதான் தீர்ப்புச் சொன்னான்.

"அறுபதுக்குள்ள முடிச்சியெண்டா உன்ர வெப்சைற். ஒரு ரூபா கூடினாலும் என்ர சைக்கிள். வெள்ளிக்கிழமை நான் சைக்கிள் கடைக்காரனுக்குச் சொல்லோணும்."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்தில் வெப்சைற் செய்துகொடுக்கும் நிலக்சனா அக்கா முதல் நாள் பின்னேரம் தந்த தாளின் அடியில் ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் என்று இருந்தது. யாழ்ப்பாணத்திலேயே தங்கி, இரவு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் குறைகிற எண் இல்லை அது.

தாள் முதலில் போய்ச் சேர்ந்தது ஆழ்வாப்பிள்ளை ஐயாவிடம். மாட்டுக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புகிறவர். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"உதென்ன பிள்ளை, தானே மாறும் படங்கள், பத்தாயிரம்?"

"தொடாமலே படம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மாறும் ஐயா."

"ஏன், பாக்கிறவைக்கு விரல் இல்லையோ? வெட்டு."

வெட்டப் பேனா இல்லையே என்று நான் முழிக்க, ஒவ்வொரு நாளும் இதே படகில் படிப்பிக்க வருகிற கஜனி ரீச்சர் கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தா. அடிமட்டம் வைத்ததுபோல ஒரு கோடு. பத்தாயிரம் போனாலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"உடனடி உரையாடல், பதினையாயிரம்," ரீச்சர் உரத்து வாசித்தா. "ஆர் என்ன நேரம் கேட்டாலும் உடன மறுமொழி போகுமாம்."

"கொம்மா போன் எடுக்கிறேல்லையோ?" என்றார் ஐயா.

"எடுப்பா."

"அப்ப என்னத்துக்கு உது? கொம்மா கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டத்தான் ஆள் வேணும்."

படகின் அடித்தட்டே சிரித்தது. இன்னொரு கோடு. படப்பிடிப்புக்காரர் ஒருநாள் வந்துபோக இருபத்தையாயிரம். "உன்ர போனில படம் வராதோ?" என்றார் ஐயா. கோடு. கார்ட்டில் முற்பணம் கட்டிப் பதிவு செய்ய முப்பத்தையாயிரம். அதை வெட்டுவதற்கு நான் விடவில்லை, பேனாவையே பிடித்துவிட்டேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஓட்டி சில்வெஸ்ரர் அண்ணை அங்கிருந்தே கத்தினார்.

"காசை வாங்கிப்போட்டு, கடல் விடாட்டி என்ன செய்வாய்? திருப்பிக் குடுக்கிறதுக்கே தனி வெப்சைற் வேணும்!"

கையை எடுத்தேன். ரீச்சர் கூட்டிப் பார்த்தா. மிச்சம் சரியாக அறுபது. நான் துள்ளி எழும்பித் தலையைப் பலகையில் இடித்துக்கொண்டேன்.

எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். வவுனியாக்காரர், தீவு பார்க்க வருகிறவர்கள். அந்த அக்கா என் நோ ஆறும்வரை பார்த்திருந்துவிட்டு மெல்லக் கேட்டா.

"தங்கச்சி, இதில படகு ஓடுமோ ஓடாதோ எண்டு போடுவீங்களோ? நேற்றும் விடிய வந்து நிண்டனாங்கள். கடல் சரியில்லை எண்டு படகு விடேல்லை. திரும்பிப் போய் ரூம் எடுத்து நிண்டு, இண்டைக்கு வாறம். ஒரு இடத்திலயும் போட்டிருக்கேல்லை."

தாளை வாங்கிப் பார்த்தேன். சைக்கிள் இருந்தது, நண்டு இருந்தது, தீவின் குதிரைகளும் கல்வேலிகளும் இருந்தன. அங்கே வந்து சேருவது எப்படி என்று ஒரு வரி இல்லை. எங்களுக்கு அது தோன்றவே தோன்றாது. நாங்கள் காலையில் வாசலுக்கு வந்து காற்றைப் பார்க்கிறவர்கள். உலகமே அப்படித்தான் பார்க்கும் என்று நினைத்துவிட்டோம்.

கரை கிட்ட வர, போனுக்குச் சிக்னல் வந்தது. நிலக்சனா அக்காவுக்கு எடுத்தேன்.

"எல்லாத்துக்கும் மேல பெருசா ஒரு வரி அக்கா. இண்டைக்குப் படகு ஓடும், இல்லாட்டி ஓடாது. ஒவ்வொரு நாளும் விடிய நானே மாத்தோணும்."

"அது ஐயாயிரம் வரும். மற்றதெல்லாம்?"

"வெட்டியாச்சு."

"ஐயோ, நீர் என்ர தொழிலையே வெட்டிப்போட்டீர்," என்று சிரித்தா.

அறுபத்தைந்து. ஐயாயிரம் கூடினால் அண்ணையின் சைக்கிள். ரீச்சர் தாளின் முதல் வரிக்குப் போனா. ஐந்து பக்கங்கள், ஒன்று எட்டாயிரம்.

"'எங்கள் தொலைநோக்கு' எண்டு ஒரு பக்கம் கிடக்கு. என்ன உங்கட தொலைநோக்கு?"

யோசித்தேன். "சோறும் சைக்கிளும், ரீச்சர்."

"அது முதல் பக்கத்திலயே இருக்கு." கோடு.

ஐம்பத்தேழு. ஆழ்வாப்பிள்ளை ஐயா மருந்துப் போத்தலால் பலகையில் தட்டினார். சில்வெஸ்ரர் அண்ணை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "விடிய நாலரைக்குக் கடலைப் பாத்து உனக்குச் சொல்லுறன். எத்தினை மணிக்கு வெளிக்கிடும் எண்டு மட்டும் கேக்காத."

நெடுந்தீவின் மாவிலித்துறையில் அண்ணை சைக்கிள்களோடு நின்றான். சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எங்கேயாவது காசு ஒளிந்திருக்கும் என்பதுபோல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"மூவாயிரம் மிச்சம்," என்றேன். "செயினுக்கு எண்ணெய் வாங்கு."

"எடியே, நீ படகையே கூட்டிக்கொண்டு வந்து வெண்டிருக்கிறாய்."

மூன்று கிழமையில் வெப்சைற் வந்தது. முதல் நாள் விடிய நாலரைக்குச் சில்வெஸ்ரர் அண்ணை போன் எடுத்து ஒரே சொல்தான் சொன்னார்: "ஓடாது." சோளகக் காற்று கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் அந்த வரியை அடிக்க, அண்ணை தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"காசு குடுத்துச் சனத்தை வராதேங்கோ எண்டு சொல்லுறம். எங்கட கடை மாதிரி உலகத்திலயே இல்லை."

பதினொரு சைக்கிளும் கல்வேலியில் சாய்ந்தபடி கிடந்தன. ஆறு மணிக்குப் போன் அடித்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து ஓர் ஐயா. "நல்லவேளை பிள்ளை, வேன் வெளிக்கிட இருந்தது. நாளைக்கு ஓடினா எங்களுக்கு ஆறு சைக்கிள்." எட்டு மணிக்கு நாலு. பத்தரைக்கு மூன்று. ஓடினால், ஓடினால் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா குசினிக்குள் இருந்து எத்தனை நண்டு என்று கேட்டா.

"பதின்மூண்டு பேர்," என்றேன்.

அண்ணை சைக்கிள்களை எண்ணினான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு சைக்கிள் குறையுது, நான் அப்பவே சொன்னனான் என்று இப்போது சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். அவனோ வளவின் பின்பக்கம் போய், பற்றைக்குள் கிடந்த இரண்டு துருப்பிடித்த சைக்கிள்களை இழுத்துக்கொண்டு வந்தான். ஒன்றுக்கு இருக்கை இல்லை. மற்றதைத் தலைகீழாக நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டு, சில்லைக் கையால் தட்டினான். முதலில் கிறீச்சிட்டது. பிறகு சுற்றியது. அவன் கையை எடுத்த பிறகும் கடல் பக்கமிருந்து வந்த காற்று அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது.