முன்வாசலும் பன்னிரண்டு கண்ணாடிகளும்

‘16 மே 2024, வியாழன். பிழை: காற்சட்டையின் நீளத்தை நின்றபடி அளந்துவிட்டேன். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் நான்கு சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது. மடிப்பில் மிச்சத் துணி இல்லை. இதைக்கூட யோசிக்காதவளுக்கு எதற்கு மாலை வகுப்பு?’

சுஜானி குறிப்பேட்டை மூடினாள். ஸ்டுட்கார்ட்டில் ஏழு மாதம் மாலைத் தையல் வகுப்புக்குப் போய் அவள் தைத்த முதல் சூட்டின் காற்சட்டை அது. அறுபதுகளில் லண்டனில் ‘மொட்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்கள், சின்ன வேலைகளில் இருந்துகொண்டே முதலாளியைவிடக் கச்சிதமாக உடுத்தி, கண்ணாடிகள் நிறைந்த இத்தாலிய ஸ்கூட்டர்களில் திரிந்தார்கள். அந்தத் திமிர் அவளுக்குப் பிடித்திருந்தது. அவளுடைய பழைய ஸ்கூட்டரிலும் பன்னிரண்டு கண்ணாடிகள்.

சனிக்கிழமை மச்சாள் பிரபாலினியின் கலியாணம். புறப்படும்போது அம்மா ஜெயமலர் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“எடியேய், கலியாண வீட்டுக்கோ, வங்கிக்கு வேலைக்கோ போறாய்?”

“கலியாணத்துக்குத்தான். நான் தைச்சது அம்மா.”

“காற்சட்டைக் காலும் கட்டை. தைக்கத் தெரியாட்டிச் சீலையைக் கட்டன்!”

சுட்டது. உண்மை என்பதால் கூடுதலாகச் சுட்டது. அம்மா காரில் முன்னே போனதும், சுஜானி கறுப்புக் காலுறையைக் கழற்றிவிட்டுக் கடுகு மஞ்சளில் ஒன்றைப் போட்டாள். மறைக்க முடியாதது நன்றாகவே தெரியட்டும்.

மண்டப வாசலில் மாமா ஸ்ரீஸ்கந்தராஜா, மணப்பெண்ணின் தகப்பன், ஓடிவந்து ஸ்கூட்டரை மறித்தார். கண்ணாடிக்கு ஒருவராகப் பன்னிரண்டு மாமாக்கள் வியர்த்தார்கள்.

“பிள்ளை, இதைப் பின்னாலை விட்டுட்டுக் குசினிக் கதவாலை வாங்கோ. முன்னாலை வீடியோ எடுக்கினம்.”

“ஏலாது மாமா. முன்வாசலாலை பன்னீர் தெளிச்சுக் கூப்பிட்டால் வாறன். இல்லாட்டித் திரும்பிப் போறன்.”

“சனம் பார்க்குது!”

“பார்க்கத்தானே மாமா தைச்சனான்.”

ஸ்கூட்டரை வாசலுக்கு நேரே நிறுத்தி, மழைக்கோட்டைக் கழற்றி இருக்கையில் போட்டு, சூட் கோட்டின் மூன்று பொத்தான்களில் நடுப்பொத்தானை மட்டும் பூட்டிக்கொண்டு படியேறினாள். மாமா நகரவில்லை. அவளும் நகரவில்லை.

பன்னீர்ச் செம்போடு கதவடியில் நின்றது அம்மா. விருந்தாளிகளை வரவேற்கும் பொறுப்பு அன்று அவளுக்கு.

“அண்ணை, விலகுங்கோ,” என்றாள். “என்ரை பிள்ளை களவெடுத்த உடுப்போடையோ வந்தவள்?”

மாமா விலகினார். அம்மா செம்பை ஓங்கி உதற, பன்னீர் முகத்திலும் கோட்டிலும் விழுந்தது. பிறகு காதோரம், “எண்டாலும் கால் கட்டைதான்,” என்றாள்.

“தெரியும் அம்மா.”

சுஜானி நடு வழியால் நடந்து, முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். கடுகு மஞ்சள் நன்றாகத் தெரிந்தது.

‘18 மே, சனி. முன்வாசலால் போனேன். கோட்டின் தோளில் பன்னீர்க் கறை, போகுமா தெரியவில்லை. நாளை: ஸ்கூட்டரில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்து, இரண்டாவது காற்சட்டைக்குத் துணி வெட்ட வேண்டும். ஞாயிறு, இங்கே சத்தம் போடக்கூடாத நாள்; தையல் இயந்திரம் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். வெட்டு மட்டும்.’