மல்லாவிப் போட்டிக்கு வந்த அனுசரணை

மல்லாவிச் சதுரங்கக் கழகத்தின் செயலாளர் குகதாசனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. கழகத்தின் வருடாந்தப் போட்டிக்குப் பத்து வருடமாகக் கனடாவிலிருந்து ஒருவர் பணம் அனுப்பிவந்தார். அவர் இறந்ததும் அது நின்றுபோனது. இனிப் போட்டி இல்லை என்றிருந்தபோது, கிராமத்துப் பெண்களுக்குக் கடன் கொடுக்கும் கம்பனி ஒன்றின் முகாமையாளர் தானாகவே தேடிவந்தார்.

“கிண்ணம், சாப்பாடு, மண்டபம் எல்லாம் எங்கட பொறுப்பு. பதிவுப் படிவங்களின்ர பிரதி மட்டும் தாங்கோ.”

படிவத்தில் பெற்றோரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் இருந்தன. எதற்கென்று குகதாசன் கேட்கவில்லை. கேட்டால் அனுசரணை கைநழுவிவிடுமோ என்ற பயம். நூற்றிருபது படிவங்களையும் தானே நின்று போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தார். மேடையில் கம்பனிக்கு நன்றி சொன்னதும் அவர்தான்.

நான்கு மாதம் கழித்து மேனுகா சனிக்கிழமைப் பயிற்சிக்கு வராமல் விட்டாள். பன்னிரண்டு வயது, பெண்கள் பிரிவில் அந்த வருடச் சம்பியன். மூன்றாவது கிழமையும் காணாததால் குகதாசன் வீடு தேடிப் போனார். தாய் கமலாசனி கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணீர் கொடுத்தார்.

“சனிக்கிழமையில அவளும் என்னோட தோட்டத்தில கச்சான் பிடுங்கக் கூலிக்கு வாறாள் சேர். கிழமைக்குக் கிழமை லோன் கட்டவேணும்.”

“என்ன லோன்?”

கமலாசனி தயங்கினார். “போட்டி முடிஞ்ச கையோட கம்பனிப் பெடியன் வந்தவன். குகதாசன் சேர்தான் நம்பர் தந்தவர் எண்டான். நீங்கள் அனுப்பின ஆள் எண்டபடியால் நம்பிக் கையெழுத்து வைச்சனான்.”

அவர் குரலில் கோபமே இல்லை. குகதாசனால் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்க முடியவில்லை.

மற்ற வீடுகளிலும் விசாரித்தார். ஒன்பது குடும்பங்கள் கையெழுத்திட்டிருந்தன. எல்லா இடத்திலும் அவருடைய பெயரைச் சொல்லித்தான் படலை திறந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சின்னராசா என்ற தகப்பன் எழுந்தார்.

“பிள்ளையளின்ர விளையாட்டைக் காட்டி எங்களை வித்துப்போட்டீர்.”

“ஓம் அண்ணை,” என்றார் குகதாசன். விலகல் கடிதத்தை நீட்டினார். சின்னராசா அதை வாங்கவில்லை.

“விட்டிட்டு ஓடாதையும். இனி ஒருத்தரிட்டயும் போய் நிக்காமல் எப்பிடி நடத்துறதெண்டு சொல்லும்.”

அன்று பேசி முடிவெடுத்தார்கள். அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் நெல் சேர்த்து விற்று, அந்தக் காசில் போட்டி. கிண்ணம் இல்லை, சான்றிதழ் மட்டும். சமையல் தாய்மார் பொறுப்பு. பயிற்சி இனிப் புதன்கிழமை பின்னேரம்.

குகதாசன் கமலாசனியோடு கம்பனிக் கந்தோருக்குப் போய், கடனை ரத்துச் செய்யும்படி வாதாடிப் பார்த்தார். “கையெழுத்து அவாவின்ர தானே,” என்றார் முகாமையாளர். தவணை பிந்தியதற்கான தண்டப் பணத்தை மட்டும் தள்ளுபடி செய்தார்கள்.

அறுவடை முடிந்து கமலாசனியும் நெல்லோடு வந்தார்.

“உங்களிட்ட வேண்டாம் அக்கா.”

“எல்லாரிட்டயும் வாங்கிப்போட்டு எங்களை மட்டும் ஏன் சேர் விலத்துறியள்?”

குகதாசன் சாக்கை விரித்துப் பிடித்தார்.

போட்டி நடந்தது. எண்பது பிள்ளைகள் வந்தார்கள். விட்ட பயிற்சியை மேனுகாவால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. போன வருடம் தான் தோற்கடித்த பிள்ளையிடமே மூன்றாவது சுற்றில் தோற்றாள்.

“குதிரையைக் கவனிக்கேல்லை சேர்,” என்று பெறுபேற்றுத் தாளை நீட்டினாள்.

“உன்ர பிழை இல்லை பிள்ளை,” என்றார். அவள் சாப்பாட்டு வரிசைக்கு ஓடிவிட்டாள். கமலாசனிக்கு இன்னும் பதினொரு மாதத் தவணை இருந்தது.