காலர் பொத்தான்

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். என் தம்பி எங்கள் குடும்ப மானத்தைச் சினிமாவாக எடுத்துவிட்டான். பதிலுக்கு நான் கதை எழுதுகிறேன். இதில் வரும் பெரியவர் நான் அல்ல. (வாசகர் இதை மனத்தில் கொள்க.)

2

முதல் தொடக்கம்: "தலைமுறை தலைமுறையாகத் தலைநிமிர்ந்து வாழ்ந்த குடும்பம்..."

அடித்துவிட்டேன். கழுத்து வலிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: வேண்டியவர்களுக்கான முதல் காட்சிக்குப் பெரியவர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் போனார். தம்பி சொல்லியிருந்தான்: "அண்ணே, பாத்துட்டு நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க. நீங்க வேணாம்னாலும், ஒண்ணுமே சொல்லாட்டியும் வெளியிடவே மாட்டேன். ஏழு வருஷ உழைப்பு, போனாப் போகுது."

வேண்டாம் என்று சொல்லத்தான் பெரியவர் போனார்.

படத்தின் நாயகனுக்குக் கௌரவம் என்றால் ஒரே வெறி. தெரு தன்னைப் பார்க்கிறதா என்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பான். தொலைபேசி அடித்தால் எழுந்து நின்று, காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பான். ஊர் என்ன சொல்லுமோ என்று தங்கை கல்யாணத்துக்கே போகமாட்டான். முப்பது வருடம் கழித்து எதிர்வீட்டுக்காரரிடம், "எங்க குடும்பத்தப் பத்தி என்ன பேசிக்கிறாங்க?" என்பான். அவர் கண்ணைச் சுருக்கி, "நீங்க எந்த வீடு?" என்பார்.

அரங்கமே சிரித்தது. அதில் ஒரு சிரிப்பு மட்டும் குதிரை கனைத்தது போலிருந்தது. யார் அந்த மரியாதை கெட்டவன் என்று பெரியவர் திரும்பிப் பார்த்தார். (சரி. என்னுடையதுதான்.)

3

முடிவு அ: பெரியவர் படத்தைத் தடுத்தார். குடும்ப மானம் காப்பாற்றப்...

[தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்த மனைவி: "ஏங்க, நம்ம எதிர்வீட்டுக்காரர் பேரு என்ன?" தெரியவில்லை. "அவருக்கு மட்டும் உங்க பேரு தெரியுமாக்கும்!"]

முடிவு ஆ: பெரியவர் தம்பியைக் கட்டித் தழுவினார்.

நடக்காது. சட்டை கசங்கும்.

4

தொலைபேசி அடிக்கிறது. தம்பிதான், சாயந்திரமாகிவிட்டது.

எழுந்து நின்றுவிட்டேன். கை தானாகக் காலருக்குப் போய்விட்டது. "போட்டுட்டே எடுங்க, அவன் கண்ணுல பட்டுடப் போகுது!" என்று மனைவி சோபாவில் புரண்டு புரண்டு சிரிக்கிறாள். எனக்குள்ளும் குதிரை கிளம்பிவிட்டது. சிரித்துக்கொண்டே எடுத்தால் என் மானம் போகும். எடுக்காவிட்டால் அவன் படம் போகும். ஒரு கையில் பேனா, மறு கை பொத்தானில். எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவேன்?

எதை விடட்டும்? நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், வாசகரே. சீக்கிரம், மணி நின்றுவிடும்.

(பின்குறிப்பு: பொத்தான் கையோடு வந்துவிட்டது.)