அரியலூர்ச் சேற்றில் ஒரு துரை

பெரம்பலூரைத் தாண்டி சிறுவாச்சூர் போகும் வழியில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் விமானவியல் துறை உண்டு, விமானம் கிடையாது. பழைய எஞ்சின் ஒன்றுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து ஷெட்டில் நிறுத்தியிருந்தார்கள். அதை வைத்துக்கொண்டுதான் வளர்மதி பாடம் நடத்தினாள். பக்கத்து அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்துக்காரி. துறையில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

தாளாளர் சிங்காரவேலு ஜல்லி கிரஷரில் முன்னுக்கு வந்தவர். கல்லூரியையும் கிரஷர் மாதிரியே நடத்தினார். லண்டனிலிருந்து வந்த அவர் மருமகன், 1933ஆம் வருடத்து ஆங்கில விமானப் பத்திரிகையின் பைண்டு தொகுதி ஒன்றை வாங்கி வந்து மாமனாருக்குக் கொடுத்திருந்தார். அதில் ஓரிடத்தில் அரியலூர் என்ற பெயர் இருந்தது. தாளாளருக்கு அது போதும். புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவில் அதை எல்லோருக்கும் காட்டுவது என்று முடிவாயிற்று. பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று பேசும் வேலை வளர்மதியின் தலையில் விழுந்தது.

அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் ஆசையோடுதான் பிரித்தாள். பாதிக்கு மேல் விளம்பரம். எஞ்சின் ஆயில், சிகரெட், மேலே குளிராமல் இருக்கத் தோல் கோட்டு. விமானி முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்று ஓய்வுபெற்ற மேஜர்கள் இரண்டு பேர் வாராவாரம் கடிதத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் பவுடர் கலையாமல் சீமாட்டிகள் பறப்பது எப்படி என்று ஒரு பக்கம். கீழைநாட்டு மனிதனுக்கு மாட்டை ஓட்டத் தெரியும், எஞ்சினை ஓட்டும் மனத்திடம் கிடையாது என்று ஒரு தலையங்கம். இதற்கா இத்தனை வழவழப்பான காகிதம் என்று அவளுக்குத் தோன்றியது.

அரியலூர் வந்தது ஒரு துரையின் கட்டுரையில். ஏதோ மலைத்தோட்டத்து முதலாளி. சொந்த விமானத்தில் மதராஸிலிருந்து திருச்சிக்குக் கிளம்பியிருக்கிறான். ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவன் பனிமூட்டத்தில் அதைத் தவறவிட்டான். மருதையாற்றைக் கொள்ளிடம் என்று நினைத்து, இல்லாத மலைக்கோட்டையைத் தேடிச் சுற்றிச் சுற்றிப் பறந்து, பெட்ரோல் தீர்ந்து, விக்கிரமங்கலம் பக்கம் நடவு வயலில் இறங்கினான். டேங்க்கை நிரப்பிய கறுப்பு மெக்கானிக்கின் மேல்தான் தப்பு என்று எழுதியிருந்தான். நாற்று மிதிபட்ட வயலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊர்க்காரர்கள் தன்னை வானத்திலிருந்து இறங்கிய சாமி என்று கும்பிட்டதாகவும், பேரன் பேத்திகளுக்கெல்லாம் இந்த நாளைச் சொல்லிச் சொல்லி மகிழப் போவதாகவும் முடித்திருந்தான். கூடவே ஒரு படம். நடுவில் புகைக்கும் பைப்பைக் கடித்துக்கொண்டு துரை. இரண்டு பக்கமும் கோவணத்தோடு, முழங்கால் சேற்றில் நின்று இறக்கையைத் தோளில் தாங்கும் ஆட்கள்.

வளர்மதி ஊருக்குப் போன் போட்டு, தாத்தா காலத்தில் வயலில் ஒரு விமானம் இறங்கியதாமே என்று அப்பா அரியமுத்துவிடம் கேட்டாள்.

"ஒங்க தாத்தா ஏரி ஒடஞ்ச கதை சொல்லியிருக்காரு. கூலி கேட்டு பண்ணையார் வூட்டு வாசல்ல படுத்த கதையும் சொல்லியிருக்காரு. இதெல்லாம் யாரும் சொன்னதில்லம்மா."

மறுநாள் தாளாளரிடம் கட்டுரையை விளக்கினாள். அவர் காதில் ஒரு பாதிதான் ஏறியது.

"அசிங்கமானத வுட்டுட்டு நல்லத மட்டும் சொல்லும்மா. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம மண்ணுக்கு ப்ளேன் வந்திருக்கு. அதான் பாயிண்ட்."

"வரல சார். விழுந்துச்சு."

அவர் சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்.

விழாவன்று வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அந்தப் படம்தான். ஒரு பக்கம் தாளாளருக்கும் மறுபக்கம் மருமகனுக்கும் இடம் வேண்டும் என்று ஆட்களை வெட்டியிருந்தார்கள். நடுவில் துரை ஆளுயரத்துக்கு நின்றான். இறக்கையின் கீழ் ஏழெட்டுக் கைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. துரைகூட அந்த ஆட்களைப் படத்தில் விட்டுவைத்தான். இவர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. வளர்மதி நல்லதை மட்டும் எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

மேடையில் கட்டுரையை முழுசாகத் தமிழில் சொன்னாள். கும்பிட்டார்கள் என்ற இடத்தில் மாணவர்கள் சிரித்தார்கள். துரையைப் பார்த்தல்ல, கும்பிட்டவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று புரிந்தபோது அவர்கள் மேலும் அவளுக்கு வெறுப்பு வந்தது. நிறுத்தவில்லை.

"பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லுவாங்கன்னு எழுதியிருக்கான். நான் அந்த ஊருப் பேத்தி. விசாரிச்சுட்டேன். அவன் வந்ததையும் யாரும் சொல்லல, போனதையும் யாரும் சொல்லல. சொல்ற அளவுக்கு அவன் ஒரு ஆளா அவங்களுக்குப் படல. கிளம்புறதுக்கு முன்னாடி டேங்க்க பாக்காதவன், ஆறு எதுன்னு தெரியாதவன். எங்க பாடத்துல அவனுக்குப் பாஸ் மார்க் கிடையாது."

சிறப்பு விருந்தினராக வந்திருந்த ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி முதலில் கைதட்டினார். அவரைப் பார்த்துத் தாளாளரும் தட்ட வேண்டியதாயிற்று.

சாயங்காலம் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டு, சோறு போடுகிற இடத்தில் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். பாடம் நடத்துகிறேன், சம்பளம் வாங்குகிறேன், இதில் யார் யாருக்குச் சோறு போடுவது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தாள். ஆனால் அடுத்த மாதம் அங்கீகாரக் குழு வருகிறது, டாக்டர் பட்டக்காரர் ஒருவராவது துறையில் இருந்தாக வேண்டும். இனிமேல் மேடை ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்திரிகைத் தொகுதி அவர் அறை பீரோவுக்குள் போய்விட்டது.

அது போனதில் அவளுக்கு வருத்தமில்லை. துரை எழுதிய தூரத்தையும் காற்றையும் டேங்க்கின் அளவையும் அவள் முன்பே குறித்து வைத்திருந்தாள். அந்தப் பருவத் தேர்வில் அதை ஒரு கணக்காகப் போட்டு, விமானி எந்த இடத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்று கேட்டாள். கடைசி பெஞ்சுக்காரர்கள் உட்பட எல்லோரும் சரியாகப் போட்டிருந்தார்கள்.